ஊரார் பணத்திற்கு யோசனை சொல்லும் தொழில்

நமது கிராமங்களில் பணப் புழக்கம் முன்னைவிடப் பெருகியிருக்கிறது என்பதை யாவரும் அறிவர். ஆற்காடு, வாலாஜா, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல வீடுகளில் ஒருவராவது தோல் பதனிடும் ஆலையிலோ காலணித் தொழிற்சாலையிலோ வேலை பார்க்கிறார். மாதச் சம்பளம் பாங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. தீபாவளிக்கு முன் போனஸ் கிடைக்கிறது. நெல், கரும்பு, வேர்க்கடலை விற்ற பணம், பால் பணம், சென்னை–பெங்களூரு விரைவுச் சாலைக்காக நிலம் கொடுத்தவர்களுக்கு வந்த நஷ்ட ஈடு என்று வேறு வழிகளிலும் பணம் வருகிறது. ஆனால் வந்த பணத்தை எங்கே வைப்பது, எவ்வளவு காலத்திற்கு வைப்பது என்று கேட்டால், தகுதியோடு பதில் சொல்லக் கூடியவர் ஒரு பஞ்சாயத்து யூனியனுக்கு ஒருவர் அகப்படுவதே அரிதாக இருக்கிறது. இந்தக் குறையைத் தீர்க்கும் தொழில் ஒன்று உண்டு. படித்த கிராம இளைஞர்கள் அதில் இறங்குவதற்கு உரிய முறையையும், இறங்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை, ஆற்காட்டை அடுத்த ஒரு கிராமத்து இளைஞர் எமது அலுவலகத்திற்கு வந்தார். வணிகவியல் பட்டதாரி. தகப்பனாருக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை நிலமும் மூன்று கறவை மாடுகளும் உண்டு. தாயார் காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். கடைத்தெருவில் ஓர் அறை பிடித்திருப்பதாகவும், தொழில் தொடங்கப் போவதாகவும், அதைத் திறந்து வைக்க நான் வர வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். பெயர்ப் பலகையின் படத்தையும் காட்டினார். அவருடைய பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் “நிதி ஆலோசகர்” என்று இருந்தது.

“பரீட்சை எழுதினீர்களா, தம்பி?” என்று கேட்டேன்.

“மியூச்சுவல் பண்டு பரீட்சையில் தேறிவிட்டேன், ஐயா. பதிவு எண்ணும் வந்துவிட்டது” என்றார்.

“அப்படியானால் நீங்கள் விநியோகஸ்தர். ஆலோசகர் என்று எழுதக் கூடாது. முதலில் பலகையை மாற்றுங்கள், பிறகு திறப்பு விழா நடத்தலாம்” என்றேன்.

அவருக்கு மன வருத்தம் ஏற்பட்டதை முகமே காட்டிற்று. ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம். இத்தொழிலில் எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

விதைக் கடைக்காரரிடம் எந்த விதை நல்லது என்று கேட்கிறோம். அவர் தம் கடையில் உள்ளவற்றுள் ஒன்றைக் காட்டுவார். அதில் தவறில்லை; விற்பது அவர் தொழில். வேளாண்மை விரிவாக்க அலுவலரிடம் அதே கேள்வியைக் கேட்டால், “இந்தப் பட்டத்தில் விதைக்கவே வேண்டாம், நிலத்தை ஆறப் போடுங்கள்” என்றுகூடச் சொல்வார். விற்பதால் அவருக்கு ஊதியம் வருவதில்லை ஆகையால் அவ்வாறு சொல்ல முடிகிறது. பண விஷயத்திலும் இப்படி இரு வகையினர் உண்டு. இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு, சிறுசேமிப்பு முகவர், மியூச்சுவல் பண்டு எனப்படும் பரஸ்பர நிதியின் விநியோகஸ்தர் ஆகியோருக்குப் பணம் எந்த ஸ்தாபனத்திற்குப் போகிறதோ அந்த ஸ்தாபனம் கமிஷன் கொடுக்கிறது. ஆலோசகருக்கோ, யோசனை கேட்டவரே கட்டணம் கொடுக்கிறார். விற்பனைக் கமிஷனை அவர் தொடக் கூடாது. இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமாகிய ‘செபி’ 2013-இல் வெளியிட்ட முதலீட்டு ஆலோசகர் விதிகளின் அடிப்படை இதுவே. 2020-இல் விதிகள் திருத்தப்பட்டபோது, விநியோகம் செய்பவர் தம்மைச் சுயேச்சையான நிதி ஆலோசகர் என்றோ அதையொத்த வேறு பெயராலோ அழைத்துக்கொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகவே தடை விதிக்கப்பட்டது. நமது இளைஞரின் பலகை அந்தத் தடைக்கு உட்பட்டதாகும்.

யோசனை சொல்பவனுக்கு எங்கிருந்து வருமானம் வருகிறது என்பதைக் கவனியாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு, ஆற்காட்டின் சரித்திரத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. வாலாஜாப்பேட்டைக்குத் தம் பெயரைத் தந்த நவாபு முகம்மது அலி வாலாஜா, கும்பினியின் உத்தியோகஸ்தர்களிடம் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். வட்டி நூற்றுக்கு இருபதுக்கும் மேலாகச் சென்றது. கடன் கொடுத்தவர்களே அவருக்குப் பக்கத்தில் இருந்து யோசனையும் சொன்னார்கள். பழைய கடனுக்குப் புதுக் கடனும், அதற்கு ஈடாகச் சீமைகளின் நிலவரியும் என்று அது வளர்ந்தது. பால் பென்பீல்டு என்னும் கும்பினி உத்தியோகஸ்தர் இந்தக் கடன்களால் பெருஞ்செல்வரானார். 1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க்கு பிரிட்டிஷ் பார்லிமெண்டில் “ஆற்காட்டு நவாபின் கடன்கள்” பற்றி நிகழ்த்திய பேச்சு உலகப் பிரசித்தி பெற்றது. 1801-இல் கர்நாடக ராஜ்யமே கும்பினி வசமாயிற்று. அந்த வட்டியை எல்லாம் கடைசியில் தன் வரியிலிருந்து கொடுத்தவன் நமது ஜில்லாக்களின் குடியானவன். நம் ஊரின் பெயர் உலகச் சரித்திரத்தில் அடிபடுவது இப்படியோர் கடனுக்காகவா என்று படிக்கும்போது சிறிது வெட்கமாகவும் இருக்கிறது.

இனி, இத்தொழிலில் நுழைவதற்கு உள்ள வழிகளைப் பார்ப்போம்.

எளிய வழி அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவராவது. ஐந்தாண்டுத் தொடர் வைப்பான ஆர்.டி. கணக்குக்குப் பணம் திரட்டும் முகவர்கள் பெண்களே. அவர்களுக்குத் திரட்டும் பணத்தில் நூற்றுக்கு நான்கு கமிஷன். ஜில்லா ஆட்சியர் அலுவலகத்தின் சிறுசேமிப்புப் பிரிவில் இதன் விவரங்களைக் கேட்டறியலாம். நூறு வீடுகள் மாதம் ஐந்நூறு ரூபாய் வீதம் போட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் சேரும். முகவருக்கு இரண்டாயிரம் ரூபாய் கிடைக்கும். தொகை சிறிதாயினும் முதல் மாதத்திலிருந்தே வரும் வருமானம் இது.

அடுத்தது இன்ஷ்யூரன்ஸ். 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன் தொடங்கிய நாள்முதல் அதன் ஏஜெண்டு நமது கிராமங்களுக்குப் பழகிய மனிதர். பத்தாம் வகுப்புத் தேறி, பதினெட்டு வயது நிரம்பியவர், பயிற்சி பெற்றுப் பரீட்சை எழுதி ஏஜெண்டாகலாம். 2024 டிசம்பரில் அந்தக் கார்ப்பொரேஷன் பெண்களுக்கென்று ‘பீமா சகி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேர்பவருக்கு முதலாண்டு மாதம் ரூ. 7,000, இரண்டாம் ஆண்டு ரூ. 6,000, மூன்றாம் ஆண்டு ரூ. 5,000 உதவித் தொகை உண்டு. ஆண்டுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாலிசி சேர்க்க வேண்டும்; முந்திய ஆண்டு சேர்த்த பாலிசிகளில் நூற்றுக்கு அறுபத்தைந்தாவது காலாவதியாகாமல் இருந்தால்தான் உதவித் தொகை தொடரும். இந்த இரண்டாவது நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தமானது. மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளம் வாங்கும் பெண்ணிடம் ஆண்டுக்கு முப்பதாயிரம் பிரீமியம் உள்ள பாலிசியை விற்றுவிட்டு, அடுத்த ஆண்டு அந்தத் தெருப்பக்கமே போகாத ஏஜெண்டுகளை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

மூன்றாவது வழி பரஸ்பர நிதி விநியோகம். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் இதற்கு வரலாம். செபி ஏற்படுத்திய தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிலையம் நடத்தும் ஐந்து–ஏ வரிசைப் பரீட்சையில் நூறு கேள்விகள், இரண்டு மணி நேரம்; ஐம்பது மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. பிறகு பரஸ்பர நிதிகளின் சங்கமாகிய ‘ஆம்ஃபி’யில் பதிவு செய்து எண் பெற வேண்டும். சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கே செல்லும்; அதன்பின் புதுப்பித்தாக வேண்டும்.

கூட்டங்களில் பேசுவோர் இந்த வழியைப் பற்றித்தான் ஆசை காட்டுகிறார்கள். ஆகவே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2018 அக்டோபர் முதல், பணம் போட்ட உடனே மொத்தமாகக் கமிஷன் கொடுப்பதைச் செபி தடை செய்துவிட்டது. பணம் நிதியில் இருக்கும் வரையில் ஆண்டுதோறும் சிறு பங்கு வரும், அவ்வளவே. நூறு குடும்பங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றும் மாதம் ஆயிரம் ரூபாய் போடுவதாகக் கொள்வோம். கமிஷன் ஆண்டுக்கு முக்கால் சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் நிதியில் சராசரியாக இருக்கும் தொகை ஏறத்தாழ ஆறு லட்சம். அதற்குக் கமிஷன் ரூ. 4,500. மாதத்திற்கு அல்ல, ஆண்டு முழுவதற்கும். இரண்டாம் ஆண்டு ரூ. 13,500, ஐந்தாம் ஆண்டில் ரூ. 40,000-ஐ ஒட்டி வரும். லாபத்தால் தொகை வளர்ந்தால் சிறிது கூடும். சந்தை விழுந்தால் குறையும். நூறு குடும்பங்களின் நம்பிக்கையைப் பெறுவது எவ்வளவு கடினம் என்பது பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிப் பெற்றும், ஐந்தாம் ஆண்டு வருமானம் ஒரு காலணித் தொழிலாளியின் நான்கு மாதச் சம்பளத்தைத் தாண்டவில்லை.

இதைச் சொன்னபோது நமது இளைஞர் காகிதத்தை வாங்கித் தாமே ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தார். “அப்படியானால் இது தொழிலே அல்லவே, ஐயா” என்றார். தென்னை வைப்பவன் முதல் ஆண்டே இளநீர் வெட்டுவதில்லை. தென்னை காய்க்கும் வரையில் ஊடுபயிர் வேண்டும். மாடுகளை விற்க வேண்டாம் என்றும், கடைத்தெரு அறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டுத் திண்ணையிலேயே ஓராண்டு நடத்திப் பார்க்கலாம் என்றும் கூறினேன்.

நான்காவது வழிதான் பெயருக்கு ஏற்ற ஆலோசகர் ஆவது. இதற்குப் பட்டதாரியாக இருக்க வேண்டும். பத்து–ஏ, பத்து–பி என்னும் இரு பரீட்சைகளில் தேற வேண்டும். செபியில் பதிவு பெற வேண்டும். முன்பு பல ஆண்டு அனுபவமும் கணிசமான சொத்து மதிப்பும் கேட்டார்கள். 2024 டிசம்பர் திருத்தத்தால் அனுபவ நிபந்தனை நீங்கியது. சொத்து மதிப்புக்குப் பதிலாக, நூற்றைம்பது வாடிக்கைக்காரர் வரையில் உள்ளவர் ஒரு லட்சம் ரூபாய் டிபாசிட் வைத்தால் போதும் என்றாயிற்று. வேறு தொழில் செய்துகொண்டே, எழுபத்தைந்து வாடிக்கைக்காரருக்கு மேற்படாமல் பகுதி நேர ஆலோசகராக இருக்கவும் அனுமதி உண்டு. ஆனால் அந்த வேறு தொழில் பிறர் பணத்தைக் கையாளுவதாக இருக்கக் கூடாது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் ரூ. 1,51,000-க்கு மேல் வாங்கக் கூடாது என்ற உச்ச வரம்பும் இருக்கிறது. நமது வட்டாரத்தில் அந்த வரம்பை மீறும் அபாயம் யாருக்கும் இல்லை என்றே நினைக்கிறேன்! நூறு ரூபாய் கொடுத்து யோசனை கேட்கும் வழக்கமே இங்கு இன்னும் வரவில்லை. நாடு முழுவதிலும் இவ்வாறு பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரே. அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில் இருக்கின்றனர்.

ஆகவே கிராம இளைஞர் முதலில் முகவராகவோ விநியோகஸ்தராகவோதான் தொடங்க நேரிடும். அதில் இழிவு ஒன்றும் இல்லை. தாம் யார், தமக்கு எங்கிருந்து எவ்வளவு கிடைக்கிறது என்பதை வாடிக்கைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருப்பது சரியன்று, நமது கிராமத்தார் கேட்க மாட்டார்கள், கூச்சப்படுவார்கள்.

கமிஷன் கிடைக்காத நல்ல திட்டங்கள் பல உண்டு. பொது வருங்கால வைப்பு நிதிக்கும் முதியோர் சேமிப்புத் திட்டத்திற்கும் முகவர் கமிஷனை 2011 டிசம்பரில் சர்க்கார் நிறுத்திவிட்டனர். அன்று முதல் அந்தத் திட்டங்களைப் பற்றி வீட்டுக்கு வந்து சொல்பவர் குறைந்துவிட்டனர். பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டத்திற்கு 2025-இல் ஆண்டு வட்டி 8.2 சதவிகிதம். ஆண்டுக்கு இருபது ரூபாய் கட்டினால், பதினெட்டு முதல் எழுபது வயது வரையில் உள்ளவருக்கு விபத்து மரணத்தில் இரண்டு லட்சம் தரும் பிரதம மந்திரி சுரக்ஷா திட்டம் இருக்கிறது. ரூ. 436 கட்டினால், ஐம்பது வயதுக்குள் சேர்ந்தவருக்கு எக்காரணத்தால் மரணம் நேரினும் இரண்டு லட்சம் தரும் ஜீவன் ஜோதி திட்டம் இருக்கிறது. தோல் ஆலையில் ரசாயனத் தொட்டி அருகே நிற்பவருக்கும், இரவில் பம்பு செட்டுக்கு வயல் வழியே நடப்பவருக்கும் முதலில் சொல்ல வேண்டியவை இவையே.

காலணித் தொழிற்சாலைப் பெண்களின் பிராவிடண்டு பண்டு விஷயத்தைச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. கல்யாணத்தின்போதோ பிள்ளைப் பேற்றின்போதோ வேலையை விடுகிறார்கள். உடனே கணக்கில் உள்ள முழுத் தொகையையும் எடுத்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து வேறு தொழிற்சாலையில் சேர்ந்து முதலிலிருந்து தொடங்குகிறார்கள். மொத்தத்தில் பதினைந்து ஆண்டு உழைத்திருப்பார்கள்; ஆனால் கணக்குப்படி நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு என்று துண்டு துண்டாக இருக்கும். தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில் பத்தாண்டுச் சேவை நிரம்பியிருந்தால் ஐம்பத்தெட்டு வயதில் மாதந்தோறும் பென்ஷன் உண்டு. பென்ஷன் பகுதியை எடுத்துவிடாமல் பழைய சேவைக்குச் சான்றிதழ் பெற்று வைத்திருந்தாலோ, அதே கணக்கு எண்ணைப் புதிய தொழிற்சாலையில் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொண்டாலோ, அந்த ஆண்டுகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இந்த யோசனையைச் சொல்வதற்கு எவருக்கும் ஒரு காசு கமிஷன் கிடையாது. ஆனால் இதனால் பலன் பெற்ற ஒரு பெண், தன் வரிசையில் தைக்கும் பத்துப் பெண்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருவாள்.

மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு போன்ற ஊர்களில், வட்டி வாங்குவது தம் மார்க்கத்திற்கு ஒவ்வாது என்று கருதும் முஸ்லிம் குடும்பங்கள் பல உண்டு. அவர்களிடம் நிரந்தர டிபாசிட்டின் பெருமையைப் பேசுபவர் தொழில் அறியாதவர். மது, வட்டித் தொழில் முதலியவற்றில் ஈடுபட்ட கம்பெனிகளை விலக்கி, ஷரியத்துக்கு இணங்கப் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் நிதிகள் நமது நாட்டில் இருக்கின்றன. அவற்றிலும் ஏற்ற இறக்கம் உண்டு என்பதைச் சொல்லியே அறிமுகப்படுத்த வேண்டும். எதிரில் அமர்ந்திருப்பவர் எதை விரும்பவில்லை என்பதை முதலில் கேட்டறிவது எல்லா வாடிக்கைக்காரருக்கும் பொருந்தும்.

இப்போது, பேசக் கசப்பான விஷயத்திற்கு வருகிறேன். 2022-ஆம் ஆண்டை நமது பகுதி எளிதில் மறக்காது. ஆரணி, செய்யாறு முதலிய ஊர்களில் கிளைகள் வைத்திருந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்னும் கம்பெனி, மாதம் நூற்றுக்கு முப்பது வரையில் வட்டி தருவதாகக் கூறி டிபாசிட் திரட்டியது என்று பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசார் அந்த ஆண்டு மே மாதத்தில் வழக்குத் தொடர்ந்தனர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடமிருந்து ரூ. 2,438 கோடி திரட்டப்பட்டதாகப் போலீசார் கூறினர். அதே ஆண்டில் வேலூர்ப் பகுதியைச் சேர்ந்த எல்.என்.எஸ். இன்டர்நேஷனல் பைனான்ஷியல் சர்வீசஸ் என்னும் ஸ்தாபனத்தின்மீதும் இத்தகைய வழக்குப் பதிவாயிற்று.

மாதம் நூற்றுக்கு முப்பது என்றால், ஒரு லட்சம் ஓராண்டில் மூன்று லட்சத்து அறுபதினாயிரம் வட்டி தர வேண்டும். பச்சைத் தோலை வாங்கி, உப்பு நீக்கி, பதனிட்டு, சாயமேற்றி, அயல்நாட்டுக்கு அனுப்பும் முதலாளியிடம் போய், உமக்கு மாதம் நூற்றுக்கு முப்பது லாபம் நிற்கிறதா என்று கேட்டால் அவர் சிரிப்பார். தோல் ஆலைக்குக் கிடைக்காத லாபம் எந்தத் தொழிலில் கிடைத்தது என்று அன்று எவரும் கேட்கவில்லை. படித்தவர்களும் கேட்கவில்லை. உத்தியோகஸ்தர்களும் கேட்கவில்லை. என் உறவினர் ஒருவர் மகளின் நகையை அடகு வைத்து இத்தகைய ஓரிடத்தில் ஒரு லட்சம் போட்டார். போடுமுன் என்னிடம் சொல்லவில்லை; தடுப்பேன் என்று தெரிந்திருந்ததால் சொல்லவில்லையாம்.

அதைவிட முக்கியமானது, அந்தப் பணத்தைத் திரட்டியவர்கள் யார் என்பது. வெளியூர்க்காரர்கள் அல்லர். அத்தை மகன், பள்ளித் தோழன், ஆலையில் கூட வேலை செய்பவர், மாதர் குழுத் தலைவி. அவர்களில் பலர் தம் சொந்தப் பணத்தையும் அதிலேயே போட்டிருந்தனர். ஆனால் சட்டம் அவர்களை வேறுவிதமாகப் பார்க்கிறது. 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத டிபாசிட் திட்டத் தடைச் சட்டப்படி, அத்தகைய டிபாசிட்டைப் போடும்படி பிறரைத் தூண்டுவதே குற்றம். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையில் சிறைத் தண்டனையும் இரண்டு லட்சம் முதல் பத்து லட்சம் வரையில் அபராதமும் விதிக்கலாம். டிபாசிட்டை வாங்கினால் தண்டனை இதைவிட அதிகம். நமது ராஜ்யத்தில் 1997 முதலே டிபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டமும் அமலில் இருக்கிறது. “நான் அறிமுகம்தான் செய்தேன்” என்பது சமாதானமாகாது.

2022-க்குப் பிறகு, பண விஷயமாகப் பேச வரும் இளைஞரைக் கண்டாலே கிராமத்தில் கதவைச் சாத்துகிறார்கள். ஒழுங்கான பரீட்சை எழுதிப் பதிவு பெற்று வருபவருக்கும் அதே வரவேற்புதான். முன்பு ஏமாந்தவர்கள் இப்போது அஞ்சலகத்திற்குப் போகவும் அஞ்சி, பணத்தை அரிசிப் பானைக்குள் வைக்கிறார்கள். இங்கேதான் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் உதவி தேவைப்படுகிறது.

யாராவது ஊருக்குள் வந்து பணத் திட்டம் பற்றிக் கூட்டம் போட அனுமதி கேட்டால், முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆலோசகரின் பதிவு எண் செபியின் இணையதளத்திலும், விநியோகஸ்தரின் எண் ஆம்ஃபியின் இணையதளத்திலும் இருக்கும். பஞ்சாயத்து அலுவலகத்துக் கணினியிலேயே இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். டிபாசிட் வாங்கும் ஸ்தாபனமாக இருந்தால் ரிசர்வ் பாங்கியின் ‘சசேத்’ தளத்தில் விசாரிக்கலாம், புகாரும் செய்யலாம். ஏலச் சீட்டாக இருந்தால், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நடத்துபவரின் கமிஷன் நூற்றுக்கு ஏழுக்கு மேற்படக் கூடாது. கம்பெனி பதிவுச் சான்றிதழ் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டியிருப்பதைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். கம்பெனியாகப் பதிவாவது வேறு. பொது ஜனங்களிடம் டிபாசிட் வாங்க அனுமதி பெறுவது வேறு. 2022-இல் பலர் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

பரஸ்பர நிதிக்கும் இன்ஷ்யூரன்ஸுக்கும் பணம் கொடுப்பவர், தம் பாங்கிக் கணக்கிலிருந்து நேரே அந்த ஸ்தாபனத்தின் பெயருக்கே அனுப்ப வேண்டும். விநியோகஸ்தரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. அஞ்சலக முகவரிடம் ரொக்கமாகக் கொடுப்பவர், பாஸ் புத்தகத்தில் பதிவாகி வந்ததை மாதந்தோறும் பார்க்க வேண்டும். தொழில் செய்ய வரும் இளைஞருக்கும் இது பெரிய பாதுகாப்பு. பிறர் பணம் ஒருநாள் இரவு நம் பெட்டியில் தங்கினால், அவசரத்திற்குக் கை அதன் பக்கம் போகும். நல்லவர்கள் கெட்டதும் இப்படித்தான்.

பதிவு பெற்ற இளைஞர் உங்கள் ஊரிலேயே இருந்தால், கிராம சபையில் அவருக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். எந்தத் திட்டத்தையும் விற்காமல், பிராவிடண்டு பண்டு, இருபது ரூபாய் இன்ஷ்யூரன்ஸ், பயிர் இன்ஷ்யூரன்ஸுக்குக் கடைசித் தேதி ஆகியவற்றை மட்டும் அவர் பேசட்டும். அன்று எவரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதை நிபந்தனையாக வையுங்கள். நஷ்ட ஈடு, ஓய்வுப் பணம் என்று மொத்தமாகத் தொகை வரப்போகும் குடும்பங்களிடம், பணம் வந்து மூன்று மாதம் வரையில் பாங்கியிலேயே இருக்கட்டும் என்று சொல்லி வையுங்கள். அதற்குள் ஆசை காட்டுபவர்களும் வந்து போய்விடுவார்கள். வீட்டில் உள்ளவர்களும் பேசி முடித்திருப்பார்கள்.

நமது இளைஞரின் அறை திறப்பு விழாவிற்கு நான் போகவில்லை; விழாவே நடக்கவில்லை. சித்திரையில் அவ்வூருக்குக் குடிநீர்த் தொட்டி வேலையைப் பார்க்கச் சென்றபோது, அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு பலகையைக் கண்டேன். “பரஸ்பர நிதி விநியோகஸ்தர்” என்றும் அதன் கீழே பதிவு எண்ணும் எழுதியிருந்தது. அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், “எனக்குக் கமிஷன் நிதிக் கம்பெனி தருகிறது” என்று ஒரு வரி. அந்த வரி அவருடைய தாயாரின் யோசனையாம். இதுவரை பதினொரு குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன என்றும், பிராவிடண்டு பண்டு விஷயமாக வந்தவர்கள் நாற்பதுக்கு மேல் என்றும் கூறினார். பத்து–ஏ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். ஆலோசகராகப் பதிவு பெற்றால் விநியோகத்தை விட்டுவிட வேண்டியிருக்குமே என்ற கவலை அவருக்கு இருக்கிறது; எந்தப் பக்கம் போவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கையில் பால் சொசைட்டிக்கு நேரமாயிற்று என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கேனை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.